கசற்றில் வந்த சனிக்கிழமை

இரண்டு குறுமணிகள். ஒரு மூச்சு இடைவெளி. மறுபடி இரண்டு.

போன கிழமை பல் வைத்தியரின் கட்டடத்தில் அந்த மணியைக் கேட்டேன். வரவேற்பு மேசையில் இருந்த பெண் கணினியிலிருந்து கண்ணை எடுக்காமலே ரெலிபோனில் ஒன்பதை அழுத்தினாள். கீழே எங்கோ ஒரு கதவு திறந்திருக்கும். வாய் மரத்துப்போகும் ஊசியைப் போட்டு என்னைக் காத்திருக்க விட்டிருந்தார்கள். மரத்த பக்கத்தால்தான் நினைவு உள்ளே வந்தது. ஆகவே வலிக்கவில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கம். ரொறன்ரோவின் வெக்ஸ்போர்ட் பகுதியில் ஒரு பழைய உயரக் கட்டடம். காப்பெற்றில் ஈரச் சப்பாத்து மணமும் பொரித்த மீன் மணமும் ஒன்றோடொன்று பழகிப்போயிருந்த ஒரு நீள நடை. அந்த நடையின் கோடியில் அண்ணையின் வீடு. சனிக்கிழமை பின்னேரங்களில் அவர் வீட்டு ரெலிபோன் அப்படித்தான் அடிக்கும். கீழே கண்ணாடி வாசலில் யாராவது நின்று வீட்டு இலக்கத்தை அழுத்தினால் மேலே இரட்டை மணி. “ஆர்?” என்று அண்ணை கேட்கமாட்டார். ஒன்பதை அழுத்திக் கதவைத் திறந்துவிட்டுக் கேத்தலை அடுப்பில் வைப்பார். பிழையான வீட்டை அழுத்திய பீட்சாக்காரனும், வேதப் புத்தகத்தோடு வந்த இரண்டு வெள்ளைக்காரப் பெண்களும் அப்படி உள்ளே வந்து, தேத்தண்ணி குடித்து, வடை தின்று, திரும்பிப் போயிருக்கிறார்கள்.

அண்ணை என் கூடப் பிறந்தவர் அல்ல. அதே நடையில் நாலைந்து கதவு தள்ளி நானும் மனைவியும் இருந்தோம். என்னைவிட மூத்தவர். ஊரில் நில அளவைக் கந்தோரில் வரைபடம் கீறியவர். இங்கே ஓர் அச்சகத்தில் பெட்டி கட்டினார். அவருடைய மனைவியை நான் அக்கா என்பேன். அந்த வீட்டுக்கு வர யாரும் முதலில் போன் அடித்துக் கேட்டது கிடையாது. கேட்டிருந்தால் அண்ணை பயந்திருப்பார், யாரோ செத்துவிட்டார்கள் என்று.

நால்வர் விளையாடுவோம். கடதாசி. முந்நூற்றிநாலு என்ற சீட்டாட்டம். எதிரெதிரே இருப்பவர்கள் கூட்டு. எத்தனை புள்ளி எடுப்போம் என்று ஏலம் கூறுவதற்குக் கேள்வி என்று பேர். கையில் இருப்பதைப் பற்றிக் கூட்டாளியோடு வாயால் பேசக்கூடாது. கண்ணாலும் கூடாது. அவர் போடும் சீட்டைக் கொண்டு அவருடைய மனதைப் படிக்கவேண்டும். நான் அண்ணையின் கூட்டு. மற்றச் சோடியில் ஒருவர் ராக்சி ஓட்டுகிறவர். மற்றவர் மன்னார்ப் பக்கத்துக் கத்தோலிக்கர், ஒரு கதவுத் தொழிற்சாலையில் வேலை. தோற்ற சோடி, அடுத்த ஆட்டம் வெல்லும்வரை, உடுப்புக் காயப்போடும் கிளிப்பைக் காதில் மாட்டியிருக்கவேண்டும்.

“என்ன காணும், கேள்வி கேக்கிறீரோ, இல்லாட்டிக் கடதாசிக்கு அடைகாக்கிறீரோ?” இது ராக்சிக்காரர்.

“பொறும். யோசிக்க விடும்.” இது மன்னார்க்காரர்.

“யோசிச்சு யோசிச்சுத்தானே போன முறை ரெண்டு காதிலையும் தோட்டோடை இருந்தனீங்கள்,” என்பார் அண்ணை.

மன்னார்க்காரர் அண்ணையின் காதுக் கிளிப்பைக் காட்டுவார்: “தோடு உமக்குத்தான் வடிவு. அக்கா, வந்து பாருங்கோ, புருசனுக்கு இன்னும் கலியாணக் களை போகேல்லை.”

குசினிக்குள் இருந்து அக்காவின் சிரிப்பு. ரீவியில் சத்தமில்லாமல் ஏதோ ஐஸ் ஹொக்கி. யன்னலுக்கு வெளியே லோரன்ஸ் வீதியின் கார்கள், ஒலியில்லாத ஒரு சிவப்பு ஆறு. அவ்வளவுதான். அதைச் சந்தோசம் என்று அப்போது யாரும் அழைக்கவில்லை. சனிக்கிழமை என்றோம்.

பிறகு அது தேய்ந்தது. எந்த நாளில் என்று என்னால் விரல் வைத்துக் காட்ட முடியாது. ஞாயிற்றுக்கிழமையும் கடைகள் திறக்கலாம் என்று சட்டம் வந்தது. அக்கா வேலைசெய்த உடுப்புக் கடை, சனி ஞாயிறில்தான் ஆட்கள் வேண்டும் என்றது. மன்னார்க்காரருக்கு ஞாயிறு ஷிப்ற் கிடைத்தது. ஞாயிறுப் பூசையைச் சனிக்கிழமை மாலையே கண்டுவிடலாம் என்று கோயிலில் ஏற்பாடு இருந்ததால் பாதி ஆட்டத்தில் எழும்பி ஓடத் தொடங்கினார். ஒருநாள் கிளிப்பைக் கழற்ற மறந்து அப்படியே போய்விட்டார். சுவாமியார் நற்கருணை கொடுக்கும்போது சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்தாராம். அதைச் சொல்லிச் சொல்லி ஒரு மாதம் சிரித்தோம். நாங்கள் நால்வரும் சேர்ந்து சிரித்த கடைசி மாதம் அதுவாக இருக்கலாம்.

ராக்சிக்காரர் இடுப்பில் பேஜர் கட்டிக்கொண்டார். அது துடித்தால் கையில் எவ்வளவு நல்ல சீட்டு இருந்தாலும் கவிழ்த்துவிட்டுப் போவார். மன்னார்க்காரர் விட்பியில் புது வீடு வாங்கினார். கார் ஓடி ஓடியே சனிக்கிழமையின் முதுகு முறிந்துவிடும் தூரம். நான் பிறம்ரனில் ஒரு களஞ்சியத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். பகல் எது, இரவு எது என்று உடம்புக்குச் சொல்வதை விட்டுவிட்டேன். வீட்டில் பதில்சொல்லும் மெசின் பூட்டினேன். யார் எடுக்கிறார்கள் என்று காட்டும் சின்னப் பெட்டியும் வாங்கினேன். இலக்கத்தைப் பார்ப்பேன். அடிக்க விடுவேன். எல்லோருமே அப்படித்தான் செய்தார்கள். எங்கள் சனமெல்லாம் ஒருவர் அடிக்கும் மணியை மற்றவர் எடுக்காமல் பார்த்துக்கொண்டு இருந்தது.

மூவராக இருந்து விளையாடவும் ஒரு வழி உண்டு. அண்ணை அதற்குச் சம்மதிக்கவில்லை. “கூட்டில்லாமல் விளையாடுறதுக்குப் பேர் கடதாசியில்லை. அது கணக்கு,” என்றார்.

அந்த மாரியில்தான் மெல்பேர்ணில் இருந்து வீடியோக் கசற் வந்தது. அண்ணையின் தம்பி அங்கே குடியேறிச் சில வருடங்கள் ஆகியிருந்தன. எங்கள் டெக்கில் போட்டால் படம் வரவில்லை. சாம்பல் கோடுகள் சாய்ந்து ஓடின. அவற்றுக்குள்ளே யாரோ தமிழில் சிரிப்பது கேட்டது. அந்த நாட்டுக் கசற் வேறு வகை என்றார் படக் கசற் வாடகைக்குக் கொடுக்கும் கடைக்காரர். இரண்டு நாளில் மாற்றித் தந்தார். அண்ணை எங்கள் மூவரையும் போனில் அழைத்தார். அவர் அப்படி அழைத்தது அதுவே முதல்தடவை. நாங்களும் எப்படியோ வந்து சேர்ந்தோம். கடதாசி மேசையில் கிடந்தது. யாரும் தொடவில்லை. ரீவியைப் பார்த்தபடி நால்வரும் ஒரே பக்கமாக இருந்தோம்.

பெரிய பூங்கா. உரிந்த பட்டையோடு உயர்ந்த மரங்கள். நீலத்தைக் கரைத்து ஊற்றியதுபோல் வானம். ஆண்கள் சேட்டில்லாமல் நின்று இறைச்சி வாட்டினார்கள். பிள்ளைகள் கிரிக்கெட் அடித்தார்கள்.

“தை மாசமாம். பாருங்கோவன், வேர்க்குது அவங்களுக்கு,” என்றார் ராக்சிக்காரர். எங்கள் யன்னல் விளிம்பில் பனி ஒரு சாண் உயரத்துக்கு நின்றது.

“அந்த அடுப்பு ஆருடையது?” என்று மன்னார்க்காரர் கேட்டார்.

“பார்க்கிலையே கிடக்கிறதாம். பொத்தானை அமத்தினால் பத்துமாம். காசில்லையாம்,” என்றார் அண்ணை. அடுப்புக்குச் சொந்தக்காரர் மாதிரிச் சொன்னார்.

படம் மரத்தடிக்குப் போனது. பாய் விரித்து நால்வர் கடதாசி விளையாடிக்கொண்டிருந்தார்கள். சுற்றிவர இன்னும் பத்துப் பேர், ஆளுக்கொரு புத்தி சொல்லிக்கொண்டு. அப்போது கமராவுக்குப் பின்னால் இருந்து தம்பியின் குரல் வந்தது: “அண்ணா, பார்த்தியளே? உங்களுக்கும் இதிலை ஒரு இடம் கிடக்கு.”

அண்ணை அந்த இடத்தில் கசற்றை நிறுத்தி, பின்னால் ஓட்டி, மறுபடி போட்டார். நால்வரும் பாயில் குனிந்திருந்தார்கள். ஒருவன் சீட்டை ஓங்கி அடித்தான். மறுபடி பின்னால். மறுபடி அடித்தான்.

அதற்குப் பிறகு அவர் ஓயவில்லை. தம்பி அங்கிருந்து அண்ணை குடும்பத்தைக் கூப்பிட மனுப் போட்டார். இவர் இங்கிருந்து ஓடித் திரிந்தார். அக்கா என் மனைவியிடம் சொன்னார்: “உந்த மனிசனுக்குச் சனிக்கிழமை எண்டொரு வருத்தம். மருந்து அவுஸ்திரேலியாவிலை இருக்காம்.”

நான் அவரிடம் நேரே கேட்டேன். “கடதாசிக்காகவோ அண்ணை நாடு மாறப்போறியள்?”

“எடேய், முதல் நாட்டை விட்டு வெளிக்கிட்டது உயிருக்காக. அதிலை எனக்குத் தெரிவு இல்லை. இது நான் விரும்பி மாறுறன்.” மேசையில் விரலால் ஒரு சதுரம் கீறினார். “எனக்கு முன்னாலை ஆக்கள் இருக்கவேணும். வேலை முடிஞ்சு வந்தால் கதவைத் திறந்து வைக்கவேணும். ஆரும் வரவேணும். அது இல்லாட்டி நான் உழைக்கிறது என்னத்துக்கு எண்டு எனக்கு விளங்கேல்லை.”

எழும்பிக் கோட்டைப் போட்டேன். பிறம்ரனுக்கு வெளிக்கிடும் நேரமாகியிருந்தது.

போனார்கள். ஒரு குடும்பம் இல்லாமல் போனால் கட்டடம் ஒரு சாணளவும் சாயாது. அந்தக் கதவுக்குள் வேறொரு நாட்டுக் குடும்பம் வந்தது. வேறொரு தாளிப்பு மணம் நடையில் நின்றது. எலிவேற்றர் அதே தளத்தில் அதே முனகலோடு நின்றது.

அவர் எங்களுடைய சனிக்கிழமை பின்னேரத்தைப் பார்த்துத்தான் போன் எடுப்பார். அவருக்கு அப்போது ஞாயிறு காலை. “எனக்கு முடிஞ்சுது. உனக்கு இன்னும் கொஞ்சம் சனிக்கிழமை மிச்சம் கிடக்கு, என்ன?” என்று தொடங்குவார். பெரும்பாலும் நான் வீட்டில் இருக்கமாட்டேன். மெசினோடு கதைப்பார். மெசினில் பேசப் பழகாதவர். முதலில் சுகம் கேட்பார், பதிலுக்கு நிற்பார். “ஆர் இது? மெசினே? சரி, நீயாவது கேள்.” பிறகு கசற் முடிந்து வெட்டுப்படும்வரை சொல்வார். பழ மரம் வைத்திருக்கிறார். தம்பி வீடு காரில் அரைமணி. பூங்கா அடுப்பைத் தொட்டுப் பார்த்தார், உண்மையாகவே பத்துகிறது. வேலையால் வந்து, கோட்டைக் கழற்றாமல் நின்றபடி அவற்றைக் கேட்பேன். அழிப்பேன். மெசினில் இடம் வேண்டுமே.

ஒரு சனிக்கிழமை தற்செயலாக வீட்டில் இருந்தேன். பெட்டியில் அந்த நீள இலக்கத்தைக் கண்டு எடுத்தேன்.

“டேய், நீயே! மெசின் எண்டு நினைச்சு ஆயத்தப்படுத்திக்கொண்டு எடுத்தன்.” பிறகு, “அந்தக் கசற் நினைவிருக்கே?” என்றார்.

“ஓம் அண்ணை. மரத்தடி.”

“அது பழைய மாணவர் சங்கத்தின்ரை பிக்னிக்காம். வருசத்திலை ஒருக்கா.”

எனக்கு உடனே விளங்கவில்லை. “என்ன சொல்லுறியள்?”

“நான் ஒவ்வொரு கிழமையும் எண்டு நினைச்சன். தம்பி பொய் சொல்லேல்லை. நான் கேக்கேல்லை. ஆர் உதைக் கேக்கிறது? மரத்துக்குக் கீழை கடதாசி விளையாடினால் அது சனிக்கிழமைதானே.” சிரித்தார். “இந்த வருசம் அதுவும் மண்டபத்திலையாம். ரிக்கற். பெரிய ஸ்பீக்கர். கதைச்சால் கேக்காதாம்.”

“தம்பியார் வாறேல்லையோ?”

“அவனுக்கு ரெண்டு வேலை. போன கிழமை நான் கடதாசியையும் கொண்டு அவன்ரை வீட்டை போனன். பெஞ்சாதி நித்திரை, பெடியள் கொம்பியூட்டருக்கு முன்னாலை. அவன் கதவைத் திறந்துபோட்டு என்னைப் பார்த்துப் பயந்திட்டான். ‘என்ன அண்ணா, ஏதும் பிரச்சினையோ? ஒரு போன் அடிச்சிட்டு வந்திருக்கலாமே’ எண்டான். நல்ல பெடியன். பிறகு கலண்டரிலை எனக்கு ஒரு நாள் எழுதினான்.”

தொலைவுக் கம்பியில் அவருடைய மூச்சு தாமதித்து வந்தது.

“எங்கடை சனம்தான் இப்பிடி எண்டு நினைச்சன். இல்லையடா. பக்கத்து வீட்டிலை ஒரு வெள்ளைக்காரக் கிழவன். முந்தி வேலை விட்டால் தெருவே அந்த மூலைக் குடிசாலையிலைதானாம், கத்திக் கதைச்சுக்கொண்டு. ஞாயிற்றுக்கிழமை வேலிக்கு மேலாலை நிண்டு கிரிக்கெட் கதைப்பாங்களாம். இப்ப குடிசாலைக்குள்ளை காசு போட்டுச் சூதாடுற மெசின் வரிசையா வைச்சிருக்கு. கிழவன் என்னைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினான். ஆளுக்கொரு மெசின். ஆளுக்கொரு ஸ்ரூல். ஒருத்தனும் ஒருத்தனைத் திரும்பிப் பாக்கேல்லை. கிழவனும் ஒண்டிலை இருந்திட்டான். நான் நடந்து வீட்டை வந்தன்.”

“அக்கா?”

“கடையிலை. இஞ்சையும் ஞாயிறு திறக்கிறாங்கள்.”

அதற்குப் பிறகு அவருடைய செய்திகள் குறுகின. சுகம், மழை, தம்பியின் பிள்ளைகளின் படிப்பு. பிறகு பண்டிகைக்குப் பண்டிகை. மெசினில் இடம் மிஞ்சியது.

சில வருடங்கள் கழித்து, சொந்தக்காரர் ஒருவரின் கலியாணத்துக்கு அவர் ரொறன்ரோ வந்தார். தனியாக. விட்பியில் மன்னார்க்காரர் வீட்டில் தங்கினார். ஒருமுறை நால்வரும் இருந்து விளையாடவேண்டும் என்று கேட்டார். வேறொன்றும் கேட்கவில்லை. நாங்கள் ஆளுக்காள் மெசினில் செய்தி விட்டு, மாற்றி, மறுபடி மாற்றி, கடைசியில் ஒரு ஞாயிறு பின்னேரத்தைப் பிடித்தோம். நான் லீவு எடுத்தேன். ராக்சிக்காரர் விடிய விடிய ஓடிவிட்டு நேரே வந்தார்.

விட்பி வீட்டில் எல்லாம் இன்னும் புதிதுபோல இருந்தது. சுவருக்கு மறுபடி அடித்த பெயின்ற் மணம். கண்ணாடி மேசை. சீட்டைக் கவிழ்த்து வைத்தால் கீழே குனிந்து பார்க்கலாம் என்று மன்னார்க்காரர் துணி விரித்தார். முதல் ஆட்டம் நடந்தது. யாரும் யாரையும் கிண்டல் பண்ணவில்லை. யார் கேள்வி கேட்டது என்பதையே இரண்டு தடவை மறந்தோம். இரண்டாம் ஆட்டத்தின் நடுவில் மன்னார்க்காரர் மணிக்கூட்டைப் பார்த்தார். மகளை நீச்சல் வகுப்பிலிருந்து கூட்டிவரவேண்டும். “பத்து நிமிசம். கடதாசியை ஒருத்தரும் தொடாதேங்கோ,” என்று சீட்டுகளைக் கவிழ்த்துவிட்டு ஓடினார். அவருடைய கராஜ் கதவு உறுமி மூடியபோது ராக்சிக்காரர் சீட்டுகளை நெஞ்சோடு பிடித்தபடி நித்திரையாகியிருந்தார்.

நானும் அண்ணையும் எதிரெதிரே இருந்தோம். எத்தனையோ கேட்க இருந்தது. கேட்கவில்லை. கூட்டாளியோடு மேசையில் பேசக்கூடாது என்பது எங்கள் உடம்பில் ஊறிப்போயிருந்தது போலும்.

அப்போது அண்ணை எழுந்தார். ராக்சிக்காரரின் விரல்களுக்குள் இருந்து சீட்டுகளைக் குழந்தையிடமிருந்து எடுப்பதுபோல் மெல்லக் கழற்றினார். மன்னார்க்காரரின் சீட்டுகளையும் தன்பக்கம் இழுத்து வைத்தார். பிறகு விளையாடத் தொடங்கினார். ராக்சிக்காரரின் கைச் சீட்டுகளை எடுத்தார், சட்டென்று ஒன்றை அடித்தார், கவிழ்த்தார். நான் ஒன்று போட்டேன். மன்னார்க்காரரின் கையை எடுத்து நாக்கைக் கடித்து, தலையைச் சரித்து, மன்னார்க்காரர் செய்வதுபோலவே தாமதித்து ஒன்று போட்டார். பிறகு தன்னுடையதை எடுத்தார். ஒரு கையைத் தூக்கும்போது மற்றக் கைகளில் இருப்பது அவர் முகத்தில் இல்லை. ஒரு தடவைகூட அந்த வரிசை தவறவில்லை. இது இன்று பழகியது அல்ல.

“அங்கையும் இப்பிடியோ அண்ணை?”

“ஓம். சனிக்கிழமையிலை. நாலு பேரையும் இருத்துவன்.”

“ஆர் கூடுதலா வெல்லுறது?”

“மன்னார்க்காரர்தான். ஆள் வலு கெட்டிக்காரன்.” மன்னார்க்காரரின் அடுத்த சீட்டைப் போட்டார். “நீதான் சில நேரம் பிழையாப் போடுறாய்.”

எனக்குள் ஏதாவது உடைந்திருக்கவேண்டும். உடையவில்லை. என் கையில் எஞ்சியிருந்த சீட்டுகளைப் பார்த்தேன். எதைப் போடுவது சரி என்று யோசித்தேன். மெல்பேர்ணில் ஒரு மேசையில் எனக்கொரு கை இருக்கிறது. அவர் அதைத் தூக்கி, நான் போடக்கூடிய பிழையை நினைத்து, போடுகிறார். வெளியே ஒரே மாதிரியான வீடுகளின் ஒரே மாதிரியான கூரைகளில் வெயில் இருந்தது. தெருவில் ஒரு மனிதரும் இல்லை.

மன்னார்க்காரர் ஈரத் தலையோடு இருந்த மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். “என்ன, முடிச்சிட்டியளோ?”

“முடிஞ்சுது. நீங்கள் வெண்டிட்டியள்,” என்றார் அண்ணை.

“அப்பிடியே!” அவருக்கு உண்மையாகவே சந்தோசம்.

புதன்கிழமை அண்ணையை நான்தான் விமான நிலையத்தில் விட்டேன். பிறம்ரனுக்குப் போகும் வழி. வழி முழுக்கப் பெருவீதியைப் பார்த்துக்கொண்டே வந்தார். கார்கள் கூடிவிட்டன என்றார். ஓம் என்றேன். வாசலில் நிறுத்திப் பெட்டியை இறக்கிக் கொடுத்தேன். பின்னால் கார்கள் வரிசையில் நின்றன. மஞ்சள் அங்கிக்காரன் கையை வீசிக்கொண்டு வந்தான்.

“இஞ்சையே திரும்பி வந்திடுங்கோவன் அண்ணை,” என்றேன்.

“வந்து?”

அவர் பெட்டியின் கைப்பிடியை இழுத்து நீட்டினார்.

“நீ இண்டைக்கு வேலையோ?”

“ஓம் அண்ணை.”

“அப்ப போ. பிந்தப்போகுது.”